எழுதாமல் விட்ட நாரைகள்

டிசம்பர் 14, சனி.

மகனுக்கு ஹிஞ்சேவாடி ஐ.டி. ஆபீசில் லீவு கிடைத்துவிட்டது. ராஜஸ்தான் போகிறான். கூட்டம் வராத இடமாகச் சொல்லுங்கப்பா என்றான். பட்டாளத்தில் ஆறு வருஷம் அந்தப் பாலைவனத்தில் கிடந்தவன் நான். கிராடுவில் இடிந்த கோயில்கள், கீச்சனில் விடிகாலையில் ஆயிரக்கணக்கில் இறங்கும் நாரைகள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள்.

“வாராவாரம் லெட்டர் போட்டீங்க. நலம்னு மட்டும்தான் இருக்கும். நான் இங்க கைக்குழந்தையோட தினமும் பயந்து செத்தேன். நாரை பார்த்தேன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?”

இருக்கும் இடத்தை எழுதக் கூடாதென்று உத்தரவு என்றேன். அவள் மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

ஊர்ப் பெயரைத்தான் எழுதக் கூடாது என்றார்கள். நாரையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.