மூன்றாம் நாள் மேலே வந்தவனின் விளக்கு

3 ஆகஸ்ட் 1998, திங்கள்

காலையிலிருந்து தூறல். 1984இல் சுரங்க விளக்கு என்று சொல்லி நான் விற்ற சைக்கிள் விளக்கு மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று மதியம்தான் தெரிந்தது.

சொன்னவர் மியூசியத்து ஷைலஜா மேடம். முப்பது வயது இருக்கும். ஈரக் குடையைக் கடைக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வந்தார், பழைய பித்தளை மேல் தண்ணீர் சொட்டக் கூடாதாம். நல்ல பழக்கம். கையில் நோட்டீஸ். அடுத்த மூன்று மாதத்து நிகழ்ச்சிகள்:

தங்கவயல், பூமிக்கு அடியில். கண்காட்சி. திறப்பு 22, சனி.
கன்டோன்மென்ட் தெருக்கள், பழைய போட்டோக்கள். அக்டோபர்.
பழைய நாணயம் அடையாளம் காண்பது எப்படி. பேச்சு.
பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. கலர் பென்சில் அவர்களே தருவார்கள்.

நோட்டீஸ் அட்டையில் பெரிதாக ஒரு படம். என் விளக்கு.

"சீனிவாசமூர்த்தி சார் சேத்து வெச்சதெல்லாம் எங்களுக்கே குடுத்துட்டார். இந்த விளக்கு உங்க கடையில வாங்கினதுன்னு சொன்னார். திறப்பு அன்னைக்கு நீங்களும் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்."

தங்கவயலிலிருந்து பென்ஷன்காரர்கள் பத்துப் பேர் வருகிறார்களாம். குத்துவிளக்குக்குப் பதில் இந்த விளக்கைத்தான் ஏற்றப் போகிறார்களாம்.

மேடத்துக்கு டீ சொன்னேன். என்னுடையது ஆறிப்போனது.

4 ஆகஸ்ட், செவ்வாய்

மழை இல்லை. வியாபாரமும் இல்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

1984. தள்ளுவண்டியில் பழைய சாமான் வாங்கிக்கொண்டிருந்தவன் அடுகோடியில் தகரம் போட்டுக் குஜரிக் கடை வைத்த முதல் வருடம். ஒரு மூட்டையில் கார்பைடு விளக்கு வந்தது. கல்லைப் போட்டுத் தண்ணீர் சொட்ட விட்டால் வாயு கிளம்பி எரியுமே, அந்த ஜாதி. அந்தக் காலத்து சைக்கிளில் மாட்டுவது. முன்னால் வட்டக் கண்ணாடி. இடப்பக்கம் சிவப்பு வில்லை, வலப்பக்கம் பச்சை. பின்னால் ஹேண்டில்பாரில் மாட்டக் கொக்கி.

இன்ஜினியர் சீனிவாசமூர்த்தி குவியலுக்குள் குனிந்து பார்த்து, "இது மைன்ல யூஸ் பண்றதா?" என்றார். நான் சொல்லவில்லை. அவர்தான் கேட்டார். சனிக்கிழமை வாங்க சார், துடைத்து வைக்கிறேன் என்றேன்.

சனிக்குள் கொக்கியை அறுத்தேன். வில்லை இரண்டையும் கழற்றி, ஓட்டைக்குப் பித்தளைத் தகடு வைத்துப் பற்ற வைத்தேன். பற்று புதிதாகத் தெரியாமலிருக்க அடுப்புப் புகை காட்டினேன். வேலை சுத்தமாக வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சனி வந்தார். சுரங்க விளக்குதான் சார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகம் இன்னும் கொஞ்சம் கேட்டது. கீழே பாறை வெடித்து விழுந்தது சார், எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று தேடாமல் விட்டுவிட்டார்கள், மூன்றாம் நாள் ஒருத்தன் இந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு தானாக மேலே வந்தான் என்றேன். நூற்றைம்பது கேட்க இருந்தவன் நானூற்றைம்பது கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

என் மனைவி செல்வி தங்கவயல்காரி. சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்தவள். கதை சுலபமாக வாய்க்கு வந்தது அதனால்தான். அவளிடம் சொன்னதில்லை. அந்தக் காசில் அவளுக்குப் புடவை எடுத்தேன்.

6 ஆகஸ்ட், வியாழன்

காலை ஒன்பது பத்துக்கு இன்ஜினியர் போன். வயது எழுபத்தொன்பது. குரல் மட்டும் இன்னும் கான்ட்ராக்டரை அதட்டுகிற குரல்.

"ஏழுமலை, மூணாவது நாள் மேல வந்தானே, அவன் பேர் என்னப்பா?"

"சார்?"

"பேர், பேர். மேடம் கேக்கறாங்க. கண்ணாடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கணும். புதன்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது."

விசாரிச்சு சொல்றேன் சார் என்றேன்.

பேர் சொல்வது ஒரு நிமிட வேலை. முனுசாமி என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை? பேர் வைத்தால் அவன் பிறந்துவிடுவான். அப்புறம் எந்த ஊர், எத்தனை பிள்ளை, இப்போது இருக்கிறானா என்று வரிசையாகக் கேட்பார்கள். மூன்று நாள் கீழே என்ன தின்றான் என்றுகூடக் கேட்பார்கள். எத்தனைக்கு நான் பதில் செய்து கொடுப்பது?

கூரைத் தகரம் ஒழுகுகிறது. ஆள் வருகிறேன் என்று சொல்லி மூன்றாவது தடவை வரவில்லை.

7 ஆகஸ்ட், வெள்ளி

வரமகாலட்சுமி பண்டிகை. பித்தளைச் செம்பு கேட்டுக் காலையிலேயே நாலு பேர். எல்லாம் நல்ல செம்பு.

பதினோரு மணிக்கு இன்ஜினியரே தொம்மலூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பேர் கிடைத்ததா என்று கேட்க. கூடவே தன் பேச்சைப் படித்துக் காட்ட. கன்னடத்தில் மூன்று பக்கம், மணி மணியான எழுத்து. புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறாராம். மகள் பம்பாயிலிருந்து வருகிறாளாம். "இந்தக் கதை சொல்லித்தான் பேரப் பசங்களுக்கு ஊட்டா ஊட்டினோம். மூணாவது நாள் வந்ததுமே வாயைத் தொறப்பாங்க" என்று சிரித்தார்.

திங்கட்கிழமையிலிருந்து என்னைக் குடைவது இதுதான். பத்து சுரங்கக்காரரில் ஒருத்தன் போதும். சுரங்க விளக்கில் இல்லாத அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்ததுமே சிரித்துவிடுவான். அப்போது இன்ஜினியர் மைக் முன்னால் நிற்பார், கையில் மூன்று பக்கத்தோடு, மகள் பார்க்க. என் பேர் போனால் போகட்டும். குஜரிக் கடைக்காரனை அரிச்சந்திரன் என்று நம்பி யாரும் வாங்க வருவதில்லை. அவர் வாழ்க்கையில் சம்பாதித்ததே மரியாதை ஒன்றுதான். லஞ்சம் வாங்காமல் ரிட்டையர் ஆன ஆள்.

சாப்பிடும்போது செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

"சைக்கிள் வெளக்கையா? அந்தப் பொடவையத்தான் தீவாளிக்குத் தீவாளி கட்டிக்கினு இருந்தனா நானு?"

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பிறகு அவளே வந்தாள்.

"எங்கண்ணங்கிட்ட நெஜமான வெளக்கு ஒண்ணு கீது. யாரையும் தொட வுடாது. கேட்டுப் பாரு."

கணக்கு உடனே போட்டுவிட்டேன். மச்சானிடம் நிஜ விளக்கை வாங்குவது. துடைத்துத் தருகிறேன் என்று மேடத்திடம் பழையதைக் கேட்டு வாங்கி, நிஜத்தைத் திருப்பிக் கொடுப்பது. மேடத்துக்கு வித்தியாசம் தெரியாது. இன்ஜினியருக்குக் கண் மங்கல். அட்டைப் படம்தான் இடிக்கிறது. அதற்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

மாரிக்குப்பம் ரயில். கூட்டம். தங்கவயலில் வெயில், காற்று, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி பல்லில் நறநறவென்று.

மச்சான் ராசமாணிக்கம், எழுபது வயது, கீழே முப்பது வருடம் வேலை பார்த்தவர். நெஞ்சில் சுரங்கத் தூசி. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நிறுத்துவார்.

"வா மாப்ள. ஒறவுக்கு வந்தியா, ஏதாச்சும் வெலைக்குக் கேக்க வந்தியா?"

"ரெண்டும்தான் மச்சான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் விளக்கு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர்.

"மூணு நாள் கழிச்சி... சைக்கிள் மிதிச்சிக்கினு வந்தானா மேல? பெல்லு அடிச்சானா?"

நானும் சிரித்தேன். பிறகு அவர் நிறுத்திவிட்டார்.

"யாரு மாப்ள அப்பிடி வந்தது?"

"யாருமில்ல மச்சான். சும்மா சொன்னது."

"அதான பாத்தேன். நான் நின்னனே அங்க."

எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். விளக்கு. கைப்பிடி, கீழே கல் போடும் கிண்ணம், மேலே தண்ணீர், முன்னால் ஒரு சின்ன நுனி. கண்ணாடியே கிடையாது.

"இது என்னுது இல்ல. சின்னப்பனுது. எனக்கு ஜோடிக்காரன். அன்னிக்கு எனக்கு ஷிப்டு இல்ல. இதுல நுனி அடைச்சிக்கிச்சி. 'உன்னுத குடுறா, இத சுத்தம் பண்ணி வை'ன்னு என்னுத எடுத்துக்கினு எறங்கனான். சாயந்தரம் பாறை வெடிச்சிச்சி. இத கைல வெச்சிக்கினு மூணு நாள் நின்னேன் மேல. ஒக்காரல. ஆள் ஏத்தற கூண்டு மேல வரப்பல்லாம் எட்டி எட்டிப் பாத்தோம். ஒருத்தனும் காலால நடந்து வரல."

 வியாபாரி வாய், விலை எவ்வளவு ஆனாலும் என்று ஆரம்பித்துவிட்டது. கை காட்டி நிறுத்தினார்.

"திருட்டுத்தனமா மாத்தி வெக்கிறதுக்கு இது வராது. அந்தப் பெரியவருகிட்ட நீயே போயி சொல்லு. சொன்னியின்னா நானே எடுத்தாறேன். வெல அப்பறம் பேசலாம்."

திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. எதையும் பார்த்ததாக நினைவில்லை.

11 ஆகஸ்ட், செவ்வாய்

தொம்மலூர், இன்ஜினியர் வீடு. சொல்லிவிட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

கோட்டு தைத்து வந்திருந்தது. நாற்காலி முதுகில் தொங்கியது, தையல்காரர் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

எழுந்து போய்க் கோட்டிலிருந்த சீட்டைக் கிழித்தார். பிறகு, "நான் கதை கேட்டனா ஏழுமலை? விளக்கை மட்டும் குடுத்திருந்தா வாங்கிருக்க மாட்டனா?"

 

பையிலிருந்து பற்பொடி டப்பாவை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். வில்லை இரண்டும். பதினாலு வருடமாகக் கடையில் இருந்தவை. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

சிவப்பை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். "இது இடப்பக்கம்" என்றார், நான் சொல்லாமலே. பச்சையை எடுத்தார். "எங்க அண்ணா சைக்கிள்ல இருந்துச்சு. கேரியர்ல நான். மழைக் காலத்துல இஸ்கூல்லேந்து வர்றப்போ, ரோட்டோரத்துல இந்தப் பச்சை கூடவே ஓடி வரும்." இரண்டையும் டப்பாவில் திரும்ப வைத்து, "ச்சே. இத்தனை வருஷம் வீட்டுலயே இருந்துச்சு. தெரியலயே எனக்கு."

"நான்தான் சார் மறைச்சிட்டேன்."

"ஹௌது. நீதான்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் காபி வந்தபோது எனக்கும் வந்தது. அந்த மூன்று பக்கத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "மேடத்துக்கும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

12 ஆகஸ்ட், புதன்

மேடத்திடம் சொல்லியாயிற்று. முகம் வெளுத்துவிட்டது. நோட்டீஸ் எல்லாம் அடித்து ஊர் முழுக்கப் போய்விட்டதாம்.

"எங்ககிட்ட இருக்கறதுல வேற ஏதாவது உங்க கடைச் சாமான் இருக்கா, ஏழுமலை அவரே?"

"மூணு இருக்கு மேடம்."

"மூணும் நிஜமா?"

"ரெண்டு."

தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது ஒரு படிக்கல். அதைப் பற்றியும் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். லேபிளை வெள்ளி வரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

தகரக்காரன் இன்று வந்தான். ஒழுகல் நின்றது.

14 ஆகஸ்ட், வெள்ளி

நாளை சுதந்திர தினம். ஓசூர் ரோடு முழுக்கக் கொடி வியாபாரம். லேசான வெயில்.

மச்சான் காலை ரயிலில் வந்தார். மடியில் துண்டில் சுற்றிய விளக்கு, என்னிடம்கூடத் தரவில்லை. மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். இன்ஜினியர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஆகுமோ என்றிருந்தது. இன்ஜினியர் எழுந்து நின்று கும்பிட்டார்.

மச்சான் விளக்கை மேசை மேல் வைத்துச் சின்னப்பன் விஷயத்தை மறுபடி சொன்னார். மேடம் எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறகு பேச்சு. பேசி முடித்தது:

விளக்கு இரவல்தான், தானம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் மச்சானிடம் திரும்பி வர வேண்டும்.

லேபிளில் கதை வேண்டாம். சின்னப்பன், டோக்கன் நம்பர், மேலே வரவில்லை. இவ்வளவுதான். மியூசிய விதிப்படி கன்னடமும் இங்கிலீஷும். பேரை மட்டும் கீழே தமிழிலும் போட வேண்டும் என்றேன். மேடம் யோசித்தார். பேர்தானே மேடம், வாக்கியம் இல்லையே என்றேன். சரி என்றார்.

ஏற்றக் கூடாது. மேடம் ரொம்பக் கேட்டுப் பார்த்தார். "மேல வந்ததும் மொத வேலையா அணைப்போம்மா. பகல்ல எவன் ஏத்துவான்? ஏத்தணும்னா மாப்ளையோட சைக்கிள் வெளக்க ஏத்திக்குங்க." இன்ஜினியர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அதுதான் முடிவு. தகட்டை எடுத்து, சிவப்பும் பச்சையும் திரும்பப் போட்டு, கொக்கி வைத்து, வியாழனுக்குள் நான் தர வேண்டும், என் செலவில். ஏற்றப் போவது இன்ஜினியர். பேசப் போவதும் அவரே, அண்ணன் சைக்கிளைப் பற்றி. கண்காட்சி முடிந்ததும் அது அக்டோபர் தெருக் கண்காட்சிக்குப் போகிறது.

அட்டைப் படம் அப்படியே இருக்கும். அடித்ததை அழிக்க முடியாது.

கடைசியில் மேடம், இரவலுக்கு என்ன தர வேண்டும் என்று மச்சானைக் கேட்டார். மச்சான் மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"மூணு நாளுன்னு சொல்லித்தான வித்த? மூணு நாள் நில்லு. வெளக்கு பக்கத்துல. அட்டைல இருக்கறது எங்கன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லு, யாரும் வரலன்னு."

22, 23, 24. சனி, ஞாயிறு, திங்கள். திறந்ததிலிருந்து மூடும் வரை. கடை அடைப்பு. ஞாயிறுதான் எனக்கு வியாபாரமே. குறைத்துக் கேட்கவில்லை.

ஸ்டூல் மட்டும் ஒன்று போடச் சொல்லலாமா மச்சான் என்றேன்.

கிடையாது என்றார்.