மூன்று கடிதங்களும் அறுந்த வலையும்

இன்று காலை லஸ் முனையில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு மூன்றாவது கடிதம் வந்தது. வழவழப்பான உறை, பெரிய முத்திரை. உள்ளே பழைய பல்லவிதான்: உன் சாவுக்கு அவர்களும் பொறுப்பில்லையாம்.

நிவாரணப் படகில் இன்ஜின் பார்க்கப் போனவன் நீ. படகு ஒரு நாட்டுடையது. ஓட்டியது இன்னொரு நாட்டின் கடற்படை. உத்தரவு போட்டது ஒரு சர்வதேச அமைப்பு. அடித்தட்டில் தண்ணீர் கசிகிறது என்று மூவருக்கும் எழுதிக் கொடுத்தாய். அதைப் படம் எடுத்து எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாய். அடுத்த வாரம் படகு மூழ்கியது. உன் உடல்கூட வரவில்லை.

கொடுத்த பிறகு படகு எங்கள் கையில் இல்லை என்கிறது ஒரு நாடு. சொன்னதைத்தான் செய்தோம் என்கிறது மற்றது. படகும் எங்களுடையதல்ல, ஆட்களும் எங்களுடையவர்கள் அல்ல என்கிறது அமைப்பு. நன்றாக இருக்கிறதடா நியாயம். தூ!

நொச்சிக்குப்பத்தில் ஒருநாள் நீ உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தாய். உன்னுடையதும் சேர்த்து நான்கு படகுகள் போனபோது அறுத்துவிட்ட யாருடைய வலையோ அது. "நாலு பேர் பண்ணதுக்கு நீ ஏண்டா ஒத்த ஆளா தைக்கிற?" என்றேன்.

"எங்க குப்பத்துல அப்டிதான் மச்சி. சேந்து அறுத்தா, எவன் வாசல்ல வந்து நிக்கிறாங்களோ அவன் முழுசா தெச்சுத் தரணும். அப்பாலிக்கா எங்களுக்குள்ள அடிச்சுக்குவோம். வலைக்காரன் இன்னா பண்ணான், பாவம்?"

சர்வதேசச் சட்டத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது என்று நான் பீற்றிக்கொண்டேன்.

அதைப் படித்தவன் செய்த காரியத்தைக் கேள். மூவருக்கும் நோட்டீஸ் எழுதும்போது, மரியாதையாக இருக்கட்டுமே என்று, 'தங்கள் பங்கின் அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும்' என்று எழுதித் தொலைத்தேன். எங்களுக்குப் பங்கே இல்லை என்று மூவரும் கைகழுவிவிட்டார்கள். ஒவ்வொருவர் வாசலிலும் நின்று முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மதியம் லூப் ரோட்டு மீன் கடையில் உன் மனைவிக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மீன் வெட்டிய கையைத் துடைக்காமலே கேட்டாள்: "மூணு பேர் சொல்றதும் நெஜம்னா, அவரு சாவவே இல்லியாண்ணா? அப்போ எங்க கீறாரு?"

அலுவலகத்துக்குத் திரும்பி மூன்று நோட்டீஸையும் மறுபடி எழுதினேன். இந்த முறை பங்கு என்ற பேச்சே இல்லை.

"நல்ல வேலைடா, போ" என்று உன்னை அனுப்பியவன் நான். கசிகிறது என்று நீ அனுப்பிய படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கோர்ட்டுக்குக் கிளம்பியவனும் நான். அதனால் நான்காவது நோட்டீஸ் ஒன்றை என் பெயருக்கே எழுதினேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை உன் மனைவிக்குப் படித்துக் காட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.