நான் பொருத்திய கண்ணாடி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து தவறாமல் போடுகிறாயா? நம்ம வாலு பள்ளிக்கூடத்தில் யாரையும் கிள்ளாமல் இருக்கிறாளா?

எங்கள் கட்டடம் முடிந்துவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து வரவேண்டியது இப்போதே வந்துவிட்டது என்கிறார்கள், பார்க்கிறவர்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பாய். ஒன்றுமே தெரியாது, அதுதான் விஷயம்! தூண் தெரியாது, சட்டம் தெரியாது, ஒரு திருகாணி தெரியாது. முகப்பு முழுக்க வளைந்த கண்ணாடி. அதன் இடுக்கில் பசை அடைத்து, ஒட்டினதே தெரியாமல் வழித்து எடுத்தவன் உன் புருஷன்.

முந்தாநாள் ஒரு கூத்து. டீ குடிக்கிற அவசரத்தில், நான் பொருத்திய கண்ணாடியிலேயே போய் முட்டிக்கொண்டேன். நெற்றியில் சின்ன வீக்கம்தான், பதறாதே. இன்ஜினியர் ஓடி வந்து, "பொருத்தின உனக்கே தெரியலையா? இதைவிட என்னய்யா சர்டிபிகேட் வேணும்!" என்றார். தையல் போடும்போதுகூட எனக்குச் சிரிப்புதான்.

திறப்புவிழா வரைக்கும் கண்ணாடியில் கண் உயரத்துக்கு ஏதாவது ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேலை செய். நம்ம வாலுவின் கையைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிக் கோடு போட்டு, வெட்டி அனுப்பு. அதையே ஒட்டிவிடுகிறேன்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். நான் புறப்பட்ட அன்று வாசலில் கையை நீட்டி மறித்தாளே, அவளைத் தாண்டித்தான் வந்தேன். இந்தத் தடவை கண்ணாடியில் அவள் கையைப் பார்த்ததும் அப்பா நின்றுவிடுவார் என்று அவளிடம் சொல்.

உன் கண்ணாடிக்காரன்