நனைந்த கயிறு

அன்புள்ள லூதர் ஐயா,

நம் சின்சினாட்டியில் ஆற்று வெள்ளம் வடிந்த கையோடு கோர்ட்டுக் கட்டடமும் எரிந்ததே, அந்த வருஷத்துக் கோடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அப்போது டென்னிஸ் கிளப் புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. அளவு நாடாவில் எனக்கு எண் படிக்கத் தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. முடிச்சுப் போட்ட சணல் கயிற்றால்தான் அளப்பேன். இறுதி ஆட்டத்தன்று காலை மழையில் கோடு கரைந்துவிட்டது. நனைந்த கயிற்றோடு ஓடி மறுபடி போட்டேன்.

கடைசிப் பந்தை நீங்கள் அடித்தீர்கள். கோட்டருகே நடுவராக நின்ற உங்கள் தம்பி கையை உயர்த்தினார்.

“வெளியே!”

“கண்ணு தெரியலையாடா? உள்ளதான் விழுந்துச்சு!” என்றீர்கள்.

“அண்ணனுக்கு ஒரு கோடு, ஊருக்கு ஒரு கோடா? வெளியதாண்ணே.”

கோப்பை போனது. அதோடு தம்பியிடம் பேசுவதையும் விட்டீர்கள்.

மறுநாள் காய்ந்த கயிற்றை விரித்தால், நான் போட்ட கோடு ஒரு சாண் உள்ளே தள்ளி இருந்தது. கயிறு எப்படி வளர்ந்தது என்று நாற்பது வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. போன வாரம் அதைத் தொட்டியில் ஊறப் போட்டு அளந்து பார்த்தேன். சணல் நனைந்தால் சுருங்குகிறது, ஐயா! சரியான அளவுக்கு உங்கள் பந்து உள்ளேதான். அவர் பார்த்த கோட்டுக்கு அது வெளியேதான்.

அன்று அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நம் இருவரைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது உங்கள் தம்பி வெண்டெல் மட்டும்தான்.

இப்படிக்கு,
அந்தக் கோட்டைப் போட்டவன்