பூந்தியின் விரிப்பு

தெரணியகலை
02.06.2025

திரு. கிருஷ்ணகுமார் அவர்களுக்கு,

உங்கள் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். திறக்கப் போவதில்லை. போனில் என்றால் எல்லாவற்றுக்கும் "ம், ம்" என்று கேட்டுவிட்டுக் கடைசியில் "சாப்பிட்டியா" என்பீர்கள், எனக்கும் கோபம் ஆறிவிடும். இந்தத் தடவை அது ஆறக் கூடாது. சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு வந்த உங்கள் அக்கா விஜயகலா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கூண்டைத் திறந்து, பூந்திக்கும் மிளகுக்கும் அடியில் கிடந்த பிளீஸ் கம்பளித்துணி விரிப்புகளை உருவி எடுத்தார். நுஹ்மான் நானா கடைக்கு கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டு வரும்போதெல்லாம் பொறுக்கிச் சேர்த்து நான் தைத்தவை அவை. "புள்ளையப் பெத்துப் போத்த வேண்டிய துணிய எலிக்கு விரிச்சி வச்சிருக்கா, பிஸ்ஸு புடிச்சவ" என்று லயத்து வீடெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டு, துவைத்துத் தன் வீட்டு டீவியை மூடப் போவதாகப் பையில் திணித்துக்கொண்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவை எலி இல்லை, கினிப் பன்றி. இரண்டாவது தடவையும் கரு தங்காமல் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த மாதம், பலாங்கொடை டவுனிலிருந்து அட்டைப் பெட்டியில் வைத்து அவற்றை வாங்கி வந்தது நீங்கள்தான். அதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வடை இருந்தால் என்ன, தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

பஸ்ஸில் கூண்டைத் தூக்கி வர முடியாமல்தான் விட்டு வந்தேன். அலமாரிக்கு மேலே இன்னும் கொஞ்சம் வெட்டுத்துண்டு இருக்கிறது. அதைப் புதுசாகவே விரித்துவிடாதீர்கள். துவைக்காத பிளீஸ் ஈரத்தை உறிஞ்சாது, மூத்திரம் மேலேயே நின்று பாவம் அதுகளுக்குக் கால் புண்ணாகும். நாலைந்து தடவை நன்றாகத் துவைத்தால்தான் ஈரம் கீழே இறங்கும். அடியில் பழைய டவல் போடுங்கள். துவைக்கிறபோது வாசனைத் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம். தினமும் வெளியே உதறுங்கள்.

அக்காவிடம் போய் அந்த விரிப்புகளைத் திருப்பிக் கேளுங்கள். சொன்னது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

துஷ்யந்தி

—

பலாங்கொடை
11.06.2025

அன்புள்ள துஷிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவையும் தம்பி தனுஷனையும் கேட்டதாகச் சொல். நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை. ரொட்டி சுடப்போய்க் கையையும் சுட்டுக்கொண்டேன்.

பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். தபால் கொண்டுவருகிறவன் சிரிக்கிறான். ஒரு துணிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா? அக்காவின் வாய் அப்படித்தான் என்று உனக்கே தெரியும். அவள் மனதில் ஒன்றும் இல்லை. எங்களை வளர்த்தவள். எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை.

பூந்தியையும் மிளகையும் பற்றிக் கவலைப்படாதே. நாள் முழுக்க தேயிலை பெக்டரியில் நின்றுவிட்டு வந்து துணி துவைக்க எனக்கு ஏலாது. அதனால் நல்ல யோசனை ஒன்று செய்தேன். சலிக்கிற அறையில் கூட்டிக் கழிக்கும் தேயிலைப் பஞ்சு இருக்கிறதே, அதை அள்ளி வந்து மெத்தை மாதிரிப் பரப்பிவிட்டேன். ஈரத்தையும் குடிக்கிறது, நாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டு இருளாயி அக்கா பார்த்துவிட்டு "இந்தக் குட்டிகளுக்கு வந்த வாழ்வப் பாரு" என்கிறார்.

சீக்கிரம் வா.

உன் கிருஷ்ணகுமார்

—

தெரணியகலை
16.06.2025

கிருஷ்ணகுமார் அவர்களுக்கு,

உங்களுக்கு அறிவு இருக்கிறதா? வாயில் துணி கட்டிக்கொண்டு நீங்கள் கூட்டுகிற தூசு அது. வேலை முடிந்து வந்து எத்தனை நாள் முற்றத்தில் நின்று இருமியிருக்கிறீர்கள், முதுகைத் தடவிவிட்டது யார்? கட்டைவிரல் அளவு மூக்கு இருக்கிற பிராணி அதன்மேல் படுத்தால் என்ன ஆகும்? அவை கிடைத்ததையெல்லாம் கொறிக்கும், தேயிலை வயிற்றுக்குள் போனால் நஞ்சு. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை அள்ளிக் கொட்டுங்கள்.

நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. ஒரு துணிக்காக என்கிறீர்கள். என் வயிற்றைப் பற்றி ஊர் கேட்கப் பேசியது உங்களுக்குத் துணியாகத் தெரிகிறதா? அக்கா வளர்த்தார், சரி. என்னைத் திட்ட விடுவதுதான் அதற்கு நன்றிக் கடனா?

துஷ்யந்தி

—

பலாங்கொடை
05.07.2025

அன்புள்ள துஷிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் கடத்திவிட்டேன். மிளகு செத்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே இழுத்து இழுத்து மூச்சுவிட ஆரம்பித்தது. டவுனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். என்ன விரித்தாய் என்று கேட்டார். சொன்னேன். "தே குடுத? ஒயாட்ட பிஸ்ஸுத?" தேயிலைத் தூளா, உனக்குப் பைத்தியமா என்று சிங்களத்தில் கத்திவிட்டார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. பெட்டியோடு திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே போய்விட்டது. கொய்யா மரத்தடியில் புதைத்தேன். அழுதேன், துஷி. யாரும் பார்க்கவில்லை.

பூந்தி பிழைத்துக்கொண்டது. பஞ்சையெல்லாம் அன்றைக்கே கொட்டிவிட்டேன். நுஹ்மான் நானாவிடம் போய் நல்ல பிளீஸாக, நீலத்தில் வாங்கினேன். உன் மெஷினில் நானே தைத்தேன். நீ சொன்ன மாதிரியே பல தடவை துவைத்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கீழே டவலுக்கு இறங்குகிறது. தினமும் வேலைக்குப் போகுமுன் உதறுகிறேன். புல் ஒட்டிக்கொண்டால் பிரஷ் போட்டு எடுக்கிறேன். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

போன கிழமை அக்கா வந்திருந்தாள். பயப்படாதே, ஒரு சண்டையும் இல்லை. அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் பூந்திக்குப் பழைய பேப்பரைப் போட்டுவிட்டு, பிளீஸை மடித்து உன் சாரிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவள் கண்ணில் படவே இல்லை. போனபிறகு மறுபடி விரித்தேன். இனிமேலும் இப்படியே சமாளித்துவிடலாம். அவளிடம் எதையும் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நீயும் அவள் வருகிற நாட்களில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் ஒரு பிரச்சினையும் வராது. மற்ற நாளெல்லாம் நம் இஷ்டம்தானே.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

என்றும் உன்
கிருஷ்ணகுமார்

—

பலாங்கொடை, நம் வீட்டு மேசை
10.07.2025

கிருஷ்ணகுமார்,

தனுஷனின் த்ரீவீலில் வந்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். சாவியை இருளாயி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

கூண்டைப் பார்த்தேன். தையல் கோணல்மாணல், ஆனாலும் துணியை நன்றாகத் துவைத்திருக்கிறீர்கள். தடவிப் பார்த்தேன், பூந்தியின் வயிற்று ரோமம் ஈரமில்லாமல் சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு செய்ய முடிந்த மனிதர் நீங்கள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒன்றும் முடியாதவர் என்றால் பாவம் என்று விட்டிருப்பேன். மிளகுக்காக நீங்கள் அழுததையும் நம்புகிறேன். கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு தனுஷனை வண்டி எடுக்கச் சொன்னேன். உங்கள் அக்கா பேப்பர்மேல் கிடந்த பூந்தியைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருப்பார், நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள், அதைச் சமாளித்ததாகப் பெருமையாக எழுதுகிறீர்கள். அவர் வந்தால் துணி அலமாரிக்குள், நான் தெரணியகலையில். இந்த ஏற்பாடு உங்களுக்குப் பிழையாகவே படவில்லை.

பூந்தியை எடுத்துக்கொள்கிறேன். விரிப்பும் அதோடு வருகிறது. என் சாரிகளையும் மெஷினையும் ஏற்றியாகிவிட்டது. சோறு ஆக்கி மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடுங்கள்.

அடுத்த தடவை அக்கா வரும்போது பதற வேண்டாம். அவர் கண்ணில் படாமல் ஒளிக்க வேண்டியது எதுவும் இனி இந்த வீட்டில் இல்லை.

துஷ்யந்தி