நீ இருவருக்கும் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

பண்டார் தெங்காரா, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அதாவது அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு மனவலி, மற்றபடி நலம். பெல்ஃபாஸ்ட் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஆசைதான், கோபத்தில்கூட அந்த ஆசை போகமாட்டேன் என்கிறது. நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், எழுதினால் நிம்மதியாகத் திட்டலாம்.

செடெனாக் தொழிற்சாலை கேண்டீனில் இந்தியச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு கடை, அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் முதலில் சொன்னது உன்னிடம். மழை பெய்தால் ரோட்டோரக் கடையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற பிழைப்பு போதும், அப்பா முட்டிக்கும் ஒரு கூரை வேண்டும் என்றேன். நீயும் தினம் கூப்பிட்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாய். டேஸ்டிங் என்றால் ருசி பார்ப்பது, ஷார்ட்லிஸ்ட் என்றால் வடிகட்டிய பட்டியல், புரோபேஷன் என்றால் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பது. புதுமருமகளை வைத்துப் பார்க்கிற மாதிரியா என்று கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நேர்முகத்தில் மேனேஜரைச் சிரிக்க வைக்க ஒரு வரியும் செய்து கொடுத்தாய், நான் குள்ளமாக இருப்பதால் ஷார்ட்லிஸ்டில் எனக்குத்தான் முதலிடம் என்று. கறி கிண்டும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அப்பாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ருசி பார்க்கிற அன்றைக்குப் போனால் அங்கே உன் சாந்தினி சித்தி, கையில் தூக்குச்சட்டியோடு. சொந்தத் தங்கச்சி, நேற்றுவரை என் வீட்டில் டீ குடித்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ருசி பார்த்ததில் இரண்டு பேருமே தேறினோம், சரி, அவள் கையும் நல்ல கைதான். நேர்முகத்துக்கு அவளை முதலில் கூப்பிட்டார்கள், கதவைச் சாத்தவில்லை. வெளியே உட்கார்ந்து கேட்கிறேன், என் வணக்கம், என் வாக்கியம், எல்லாம் அதே வரிசையில் வருகிறது. கடைசியில், நம் வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்கிற அந்த நெட்டைச்சி, நான் குள்ளம் என்றாள். மேனேஜர் அதற்கும் சிரித்தார். அந்த வரி யாருக்காகச் செய்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்னைக் கூப்பிட்டபோது வாயில் ஒன்றும் மிச்சமில்லை. நானும் அதையே சொன்னால் நான்தான் திருடி. தேங்க் யூ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சித்திக்குக் கடை, மூன்று மாதம் புரோபேஷன். எனக்கு வெயிட்டிங் லிஸ்ட், நீ சொல்லிக்கொடுக்காத சொல், நானே தெரிந்துகொண்டேன்.

வெளியே அவளிடம் கேட்டதற்கு, "லோஷினிதான்க்கா சொல்லிக் குடுத்தா, நீ அவகிட்டயே கேளு லா" என்றாள். சித்தியும் கேட்டாங்க, எப்படி முடியாதுன்னு சொல்றது என்று நீ மெசேஜ் போட்டிருந்தாய். முடியாது என்று சொல்லச் சொல்லவில்லையடி. அவளும் கஷ்டப்படுகிறவள்தான், கற்றுக்கொடு. ஆனால் என்னிடம் பேசி முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டாயே, ஒரு நாளாவது, அம்மா, சித்தியும் போறாங்க என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லிக்கொடுத்தாய், காட்டிக்கொடுப்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் என்ன என்று சொல்லவே இல்லை.

சித்தி என்னைக் கூடமாட வேலைக்குக் கூப்பிடுகிறாள். போகமாட்டேன் என்றுவிட்டேன். தீபாவளிக்கு வரட்டும், சோறு போடுவேன், அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது. அடுத்த மாதம் இன்னொரு கேண்டீனில் ஆள் எடுக்கிறார்கள், பெயர் கொடுத்திருக்கிறேன். எந்த ஊர், என்ன சமைக்கப் போகிறேன், என்ன பேசப் போகிறேன், எதையும் உனக்கு எழுதவில்லை. அப்பாவிடம் கேட்காதே, அவரிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். நீ பிறந்ததிலிருந்து உனக்குத் தெரியாமல் நான் செய்கிற முதல் காரியம் இது, எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

முருகன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இரவு டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, காதை மூடிக்கொள். இந்த வாரமும் கூப்பிடு. எடுக்கமாட்டேன், ஆனாலும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னைத் திட்டி முடியாத அம்மா
பிரேமலா விஜயன்