பையில் இல்லாத ஐந்து வில்லைகள்

என் மேல் இருந்த கோபம் தீராமலே போய்விட்ட ஸ்டெல்லாவுக்கு,

உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. நான் வரவில்லை. ஆபீஸில் வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். உன் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நம் ஹாஸ்டல் அறை அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்து நாம் நாலு பேரும் கதை ஆட்டம் ஆடிய அதே பாய். ஷூ கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன புத்தகத்தில் இருந்த ஆட்டம் அது. ஒருத்தி கதையை நடத்துவாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். டைப்பிஸ்ட் ஆயிற்றே, எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும் என்று நடத்துவது என் வேலையானது.

செய்ய நினைத்தது பலிக்குமா என்று பார்க்க இருபது முகம் உள்ள பகடை வேண்டுமாம். ஆம்பூரில் அதற்கு எங்கே போவது? நீதான் கழிவுத் தோலில் இருபது வில்லை வெட்டி, ஷூ சைஸ் குத்தும் அச்சால் ஒன்று முதல் இருபது வரை அடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாய். பெரிய நம்பர் வந்தால் ஜெயம்.

வாரம் முழுக்க நான் தயார் செய்வேன். சாப்பாட்டு நேரத்தில், தப்பாக அடித்த தாள்களின் பின்பக்கத்தில், எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன, யார் துரோகி என்று எழுதுவேன். நான் வாய் திறப்பதற்காக மூன்று பேர் காத்திருந்தது என் வாழ்க்கையில் அங்கே மட்டும்தான். அப்போதுதான் நம் அறை விமலா, அடுத்த மாசத்திலிருந்து ஸ்டெல்லா நடத்தட்டும், அக்கா கதையில் சிரிப்பே இல்லை என்றாள். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் தயார் செய்ததைப் போல நான் எப்போதும் செய்ததில்லை. உன் அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து இறந்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். கதையில் வரும் ராஜாவின் அரண்மனைக்குள் ஒரு சுண்ணாம்புத் தொட்டி வைத்தேன். பதினைந்துக்கு மேல் எடுத்தால்தான் தாண்டலாம் என்று எழுதினேன். பிறகு பதினாறிலிருந்து இருபது வரை ஐந்து வில்லைகளையும் எடுத்துப் பவுடர் டப்பாவில் ஒளித்தேன்.

தொட்டி என்று நான் சொன்னதும் உன் முகம் செத்துப்போனது. பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. நீ பைக்குள் கை விட்டாய். கை வெளியே வரவில்லை. நாள் முழுக்கத் தோலைத் தடவித் தரம் பிரிப்பவள் நீ என்பது எனக்கு எப்படி மறந்தது? மற்ற இருவருக்கும் கேட்காமல் என் காதருகே குனிந்தாய்.

“இன்னாக்கா, பெரிய நம்பர் அஞ்சும் எடுத்துட்டியா?”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாமே எனக்கு விரல்லயே தெரியும். ரெண்டு வருசமா நான்தான் பார்த்துப் பார்த்துத் தோத்துக் குடுத்தேன். பாவம், வாரம் பூரா எழுதிட்டு வர்றியேன்னு.”

ஒன்றாம் நம்பரை எடுத்துப் பாயில் வைத்தாய். “என் ஆளு தொட்டியில விழுந்துட்டா. எழுதிக்க.”

மறுநாளே வேறு அறைக்குப் போய்விட்டாய். பிறகு நோய் முற்றி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா நல்லா இருக்காளா என்று விமலாவிடம் கேட்டு அனுப்பினாய். நல்லா இருக்கேன் என்று சொல்லி அனுப்பினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டேனா?

கதையிலாவது ஸ்டெல்லா ஆளை எழுப்பு, நீதானே எழுதுகிறாய் என்கிறாள் விமலா. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் தொட்டியிலிருந்து எழுந்து வந்து, பரவாயில்லக்கா என்றாய். நீ அப்படிச் சொல்லவே மாட்டாய். கிழித்துப் போட்டேன்.

இந்த ஞாயிறு ஐந்து வில்லைகளையும் அவர்கள் இருவர் முன் வைத்து, நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இனி விமலா நடத்துவாள். அதே தொட்டியை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் விளிம்பில் நான் நிற்பேன். என் விரலுக்கு டைப்ரைட்டரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒன்று வந்தால், எழுதிக்கொள் என்று நானே அவளிடம் சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
எஸ்தர்